பாயின் செட்டிங்ஸ்

ஒரு எழுத்தைத் தட்டினால் வேண்டியதைத் திறந்துவிடும் அந்தச் சின்னப் பெட்டி மானிட்டரில் வந்தது. லியாகத் பாய் ஒரு எழுத்தைத் தட்டினார். ஒன்றும் திறக்கவில்லை. இன்னொன்றைத் தட்டினார். அதற்கும் பெட்டி வெறுமனே விழித்தது. சர்வீஸுக்கு வந்திருந்த உபைதுல்லா, "ஃப்ளாப்பியக் குடுங்க பாய், பழைய செட்டிங்ஸ் எல்லாம் அதுலதான கீது?" என்றார். அந்த தைரியத்தில்தான் பெட்டியின் பழைய வெர்ஷனை அடியோடு அழித்துவிட்டுப் புதியதைப் போட்டிருந்தார். பாய் பாலிதீன் உறையிலிருந்து ஃப்ளாப்பியைப் பத்திரமாக எடுத்து நீட்டினார். திறந்து பார்த்த உபைதுல்லா மானிட்டரை என் பக்கம் திருப்பினார். உள்ளே இருந்தது ஒரே ஒரு ஐகான். சரக்கையெல்லாம் விட்டுவிட்டுக் கடையின் போர்டை மட்டும் கழற்றிக்கொண்டு வந்த கதை.

"இத்த காப்பி பண்ணிக்கினா எல்லாம் கூட வந்துடும்னு நெனச்சேன்பா" என்றார் பாய்.

எனக்கு வந்த கோபத்தில் பல்லைக் கடித்துக்கொண்டேன். பக்கத்து சீட்டில் குத்துக்கல் மாதிரி நான் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு வார்த்தை கேட்டால் என்ன? கேட்க மாட்டார். எதையும் யாரிடமும் கேட்காமல் தானே செய்துகொள்ள வேண்டும் அவருக்கு. துறைமுகத்தில் கன்டெய்னர் கட்டும் வேலையில் இருந்தபோது இரும்புக் கயிறு அறுந்து அவருடைய வலது கை விரல்களைக் கொண்டுபோய்விட்டது. அப்புறம்தான் திருவொற்றியூர் ஹைரோட்டில் இந்த யார்டு ஆபீசில் உட்கார வைத்தார்கள். வருகிற போகிற லாரிகளுக்கு கேட் பாஸ் அடிக்கும் வேலை, எனக்கும் அவருக்கும். சுனாமிக்கு அடுத்த வருஷம் கம்ப்யூட்டர் வந்தபோது அவர் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மவுஸ் பிடிக்க அவரால் முடியாது. எங்கிருந்தோ இந்தப் பெட்டி புரோகிராமைக் கண்டுபிடித்தார். இடது கையால் ரெண்டு கீயைச் சேர்த்து அழுத்தினால் பெட்டி வரும். ஒரு எழுத்துக்கு எடை, ஒரு எழுத்துக்கு சீல் நம்பர், இன்னொன்றுக்கு பிரிண்ட். எல்லாம் இடது கைக்கு எட்டுகிற எழுத்துகள், அவரே ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. நான் மவுஸை உருட்டி முடிப்பதற்குள் அவர் பாஸை நீட்டியிருப்பார். பார்க்க வயிற்றெரிச்சலாக இருக்கும்.

இப்போது தலைமை ஆபீசிலிருந்து பாஸ் அடிக்கப் புது சாஃப்ட்வேர் வந்திருந்தது. அதைத் திறக்கப் போனால் பழைய பெட்டி அப்படியே நின்றுவிடும், பெட்டிக்கும் புது வெர்ஷன் போட்டே ஆக வேண்டும். மத்தியானம் ஆபீசர் ஒருவர் வந்து பக்கத்தில் நின்று பார்ப்பாராம். தடுமாறுகிறவர்களை யார்டுக்கு மாற்றுவாராம். யார்டில் பாய்க்கு என்ன வேலை இருக்கிறது? சங்கிலி இழுக்க ரெண்டு கை வேண்டும். அவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வீட்டில் மனைவி தாஹிரா அக்காவிடமும் சொல்லியிருக்க மாட்டார்.

"எதுக்கு எந்த எழுத்துன்னு சொல்லுங்க பாய், திரும்பப் போட்டுடலாம்" என்றார் உபைதுல்லா.

"எடைக்கு எஃப்பு. இல்ல, டி." பாயின் நெற்றி வியர்த்தது. "தெர்லபா. கை அது பாட்டுக்குப் போவும்."

அது நிஜம். என் வீட்டு அடுப்பை எந்தப் பக்கம் திருப்பினால் சிம் என்று ஆபீசில் வைத்துக் கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியாது. அடுப்பு முன்னால் நின்றால்தான் கைக்குத் தெரியும். நான் எழுந்து வெளியே போய், டிரைவர்கள் நிற்கும் ஜன்னலில் நின்றேன்.

"நான்தான் டிரைவரு. கீபோர்டுல கைய வைங்க பாய்" என்றேன். ஒரு பழைய எடைச் சீட்டை நீட்டி, "சார், பாஸ் குடுங்க" என்றேன்.

கை அசையவில்லை. காலையிலிருந்து முதல் தடவையாக பாய் சிரித்தார். "எந்த டிரைவர் இப்டி கேக்கறான், ரமா?"

வியாசர்பாடிக்காரிக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினேன். "யோவ் பாய்! இன்னா தூங்கிகினு கீறியா? மாத்தூர்லேர்ந்து லோடு ஏத்திகினு வந்து எம்மா நேரமா நிக்கறேன்! இந்தா எடச் சீட்டு!"

விரல் சட்டென்று டி-யில் விழுந்தது. உபைதுல்லா அதை எடைக்குப் போட்டார். "சீலு கீது பாருய்யா, கண்ணு தெர்லியா?" விரல் மேலே ஏறி டபிள்யூவைத் தொட்டது. திட்டத் திட்ட ஒவ்வொன்றாக வந்தது. யார்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கடைசி எழுத்து கிடைத்தபோது எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

மத்தியானம் ஆபீசர் வந்தார். பாயின் நாற்காலிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஜன்னலுக்கு வந்தது லாரி டிரைவர் காத்திவாக்கம் இன்னாசி. அவன் வாயைத் திறந்தால் நமக்குக் காது கூசும். அன்றைக்குப் பார்த்து, வெள்ளைச் சட்டைக்காரரைக் கண்டதும் குரலைத் தேனில் தோய்த்தான். "வணக்கம் சார். பாஸ் வேணும் சார். அவசரமில்ல, மெதுவா குடுங்க." பாவி.

பெட்டி வந்தது. பாயின் கை கீபோர்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. விரல்களுக்கு இறங்க இடம் தெரியவில்லை. கேளுங்கள் பாய், என்னிடம் கேளுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவர் திரும்பவில்லை. ஆபீசர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார்.

நான் எழுந்து நின்றேன். கட்டின தொண்டையோடு கத்தினேன்.

"யோவ் பாய்! இன்னா தூங்கிகினு கீறியா? எம்மா நேரம்யா நிக்கறது? வண்டிய வுடுய்யா!"

இன்னாசி வாயைப் பிளந்தான். ஆபீசர் மெதுவாக என் பக்கம் முழுசாகத் திரும்பினார்.

"உங்க பேர் என்னம்மா?"

"ரமாபாய், சார்" என்றேன். அவருக்குப் பின்னால் பிரிண்டர் கரகரவென்று இன்னாசியின் பாஸை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.