கம்பளித் தொப்பியோடு ஒரு சல்யூட்

ஒரு கை, தலையைக் கேட்காமல் தானாக மேலே போய்விட்டால், குற்றம் கையுடையதா, தலையில் இருந்த தொப்பியுடையதா? நீங்களே சொல்லுங்கள். ஹெக்டர் இம்ரி இரண்டு நாளாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

நடந்தது செவ்வாய்க்கிழமை காலை. ரூ என்ற கிராமத்துக்கு எதிரே கடற்கழி குறுகி ஒரு கழுத்துபோல ஆகிவிடும். அணு ஏவுகணை சுமக்கும் நீர்மூழ்கி, கடற்படைத் தளத்தை விட்டு வெளியே போக வேண்டுமென்றால் அந்தக் கழுத்து வழியாகத்தான் போயாக வேண்டும். கரையில் அறுபது பேர் மழையில் நின்று "வெட்கம்! வெட்கம்!" என்று கத்தினார்கள். அவர்களில் இம்ரியும் ஒருவர். வயது எழுபத்தெட்டு. ஒரு காலத்தில் அப்படி ஒரு படகுக்கே கமாண்டராக இருந்தவர். நீர்மூழ்கிக்காரர்கள் அதைக் கப்பல் என்று சொல்ல மாட்டார்கள், படகுதான்.

கடந்த ஆறு வருஷமாக ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குத் தளத்தின் வடக்கு வாசலில் ஓர் அட்டையோடு நிற்கிறார். "இந்தப் படகை ஓட்டியவன் நான். என்னைக் கேளுங்கள்" என்று அதில் எழுதியிருக்கும். ஆறு வருஷத்தில் ஒரே ஒருவர்தான் கேட்டார். அவரும் ஜெர்மனியிலிருந்து வந்த சைக்கிள்காரர். பக்கத்தில் கழிப்பறை எங்கே என்று கேட்டார்.

பிரிட்டிஷ் கடற்படையில் வெறுந்தலையோடு சல்யூட் அடிக்கக் கூடாது. தொப்பி இருந்தால்தான் சல்யூட். இம்ரி இத்தனை நாளும் வெறுந்தலையோடுதான் நின்றார், அதனால் ஒன்றும் நேரவில்லை. போன மாதம் ஷோனா அவருக்கு ஒரு தொப்பி பின்னிக் கொடுத்தாள். ஷோனாதான் அந்தப் போராட்டக் குழுவைக் கட்டி மேய்ப்பவள், பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவள். மஞ்சள் கம்பளி, நெற்றியில் அணுகுண்டு எதிர்ப்புச் சின்னம், உச்சியில் ஆரஞ்சுப் பழம் அளவுக்கு ஒரு குஞ்சம்.

படகு கழுத்துக்குள் வந்தது. அதன் கறுத்த முதுகின் மேல் சீருடை போட்ட இருபது பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். இம்ரி அட்டையைக் கீழே வைத்தார். குதிகால் இரண்டும் சேர்ந்தன. வலது கை மேலே போனது. படகு கடந்து போகும்வரை இறங்கவே இல்லை.

வியாழக்கிழமை உள்ளூர்ப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் அந்தப் படம் வந்துவிட்டது.

"குஞ்சம் நல்லா விழுந்திருக்கு," என்றாள் எல்ஸ்பெத், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே. கல்யாணமாகி ஐம்பத்திரண்டு வருஷம். கணவனைக் கேலி செய்ய அவளுக்குக் காரணம் வேண்டியதில்லை.

"சிரிக்காத. ஷோனா வருவா."

"வரட்டுமே. நாலு ஸ்கோன் ரொட்டி சுட்டு வச்சிருக்கேன். கோபமா வர்றவங்களுக்குப் பசிக்கும்."

ஷோனா வந்தாள். ஸ்கோனைத் தொடவில்லை.

"கமாண்டர், அறுபது பேர் மழையில நின்னு தொண்டை கிழிய கத்தறோம். நீங்க ஒருத்தர் சல்யூட் அடிக்கறீங்க. அதுவும் என் தொப்பியில!"

"தொப்பி இல்லாட்டி அடிச்சிருக்க மாட்டேன் ஷோனா. விதி அப்படி."

"ஜோக் அடிக்காதீங்க. எடின்பரோல நம்ம தலைமை ஆபீஸ்ல இருந்து போன் மேல போன். 'உங்க ஆளு எந்தப் பக்கம்'னு கேக்கறாங்க. நான் என்ன சொல்றது?"

"படகுக்கு அடிக்கல. மேல நின்ன பிள்ளைங்களுக்கு அடிச்சேன்."

"படத்துல அதெல்லாம் தெரியாது." கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். "சனிக்கிழமை கூட்டத்துல நீங்க பேச ஆரம்பிக்கும்போது முதல்ல இதைப் படிச்சிருங்க. அஞ்சே வரி மன்னிப்பு. படிக்க முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க, கிளாஸ்கோல இருந்து ஒரு டாக்டரம்மாவக் கூட்டிட்டு வந்து பேச வச்சிடறேன். கதிர்வீச்சைப் பத்தி நல்லா பேசுவாங்க."

அவள் போன பிறகு இம்ரி அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். நல்ல ஆசிரியை திருத்தியதுபோல ஒரு பிழை இல்லை. ஆனால் "என் செயலுக்கு வெட்கப்படுகிறேன்" என்ற வரியில் இரண்டு தடவையும் நின்றுவிட்டார். அவர் வெட்கப்படவில்லை.

சனிக்கிழமைக் கூட்டம் அவருக்கு அவ்வளவு முக்கியம். ஆறு வருஷத்தில் லண்டன், லீட்ஸ், பெல்ஃபாஸ்ட் என்று எத்தனையோ ஊரில் பேசிவிட்டார். எல்லா இடத்திலும் உட்கார்ந்திருந்தவர்கள் ஏற்கெனவே அவர் கட்சி. கைதட்டினார்கள், வீட்டுக்குப் போனார்கள். முதல் தடவையாக இந்த ஊர்க் கூடத்தில், தளத்தில் சம்பளம் வாங்கும் குடும்பங்கள் பாதிக்குப் பாதி இருக்கும் ஊரில் பேசப்போகிறார். அந்தப் பக்கத்து ஆள் ஒருவர், ஒரே ஒருவர், உட்கார்ந்து கேட்டால் போதும் என்பது அவர் ஆசை. எல்ஸ்பெத்துக்கு இன்னொன்றும் தெரியும். அந்த ஒருவர் யாராக இருக்க வேண்டும் என்பது.

டேவி கில்க்ரிஸ்ட். இம்ரியின் படகில் தலைமைக் கடற்படை வீரராக இருந்தவர். எல்லோருக்கும் அவர் "சீஃப்". ஓய்வு பெற்ற பிறகு இருவரும் ஒரே ஊரில் வீடு வாங்கி, ஒரே மைதானத்தில் பந்து உருட்டி விளையாடியவர்கள். ஆறு வருஷத்துக்கு முன் இம்ரி முதல் தடவை அட்டையைத் தூக்கிய அன்று நின்ற பேச்சு, நின்றதுதான். கடையில் எதிரே வந்தால் கில்க்ரிஸ்ட் பக்கத்து வரிசைக்குள் புகுந்து, தனக்குத் தேவையே இல்லாத நாய் பிஸ்கட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவரிடம் நாய் கிடையாது.

"படிக்கப் போறியா, இல்லையா?" என்று எல்ஸ்பெத் கேட்டாள்.

"தெரியல. படிச்சா சீஃப் இனிமே என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டான். படிக்கலைன்னா ஷோனா முழிக்க மாட்டா."

"அப்ப நாய் பிஸ்கட் விக்கறவனுக்குத்தான் லாபம்."

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம். ஐந்து மணிக்கு அதே கூடத்தில் நடனப் பயிற்சி இருப்பதால் நேரம் தாண்டக் கூடாது என்று கூடத்துச் சாவிக்காரர் முன்பே சொல்லிவிட்டார். ஷோனா நாற்பது நாற்காலி போட்டாள். மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அடுக்கி வைத்திருந்ததையும் இழுத்துப் போட வேண்டியதாயிற்று. தளத்தில் வெல்டிங் வேலை பார்ப்பவர்கள், சமையல்காரர்கள், கடலில் இருக்கும் பிள்ளைகளின் மனைவிமார் எல்லோரும் வந்துவிட்டார்கள். குஞ்சத் தொப்பி போட்டு சல்யூட் அடித்த கமாண்டர் எப்படி இருப்பார் என்று பார்க்கத்தான் பாதிப் பேர் வந்தது. பின்வரிசையில் ஒரு குரல், "தொப்பி எங்க சார்?" என்று கேட்டது. கூடம் சிரித்தது.

கடைசி வரிசை ஓரத்தில், கோட்டைக் கழற்றாமல், கில்க்ரிஸ்ட் உட்கார்ந்திருந்தார்.

இம்ரி எழுந்து நின்றார். சட்டைப்பையில் ஷோனாவின் தாள் இருந்தது. முன்வரிசையிலிருந்து ஷோனா அந்தப் பையையே பார்த்தாள். அவர் கை அங்கே போனது, ஆனால் கைக்குட்டையோடு திரும்பி வந்தது.

"நான் ஏன் சல்யூட் அடிச்சேன்னு சொல்லச் சொல்லியிருக்காங்க," என்று ஆரம்பித்தார். "சொல்றேன். எண்பத்தேழுல நாங்க கடலுக்கடியில போனோம். எட்டு வாரம். வாரத்துக்கு ஒரு தடவை வீட்டுல இருந்து நாப்பது வார்த்தையில செய்தி வரும். எல்லாம் முதல்ல கேப்டன் கைக்குத்தான் வரும், அதாவது என் கைக்கு. கிளம்பறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தனும் ஒரு படிவத்துல கையெழுத்துப் போடணும். வீட்டுல சாவு விழுந்தா உனக்குச் சொல்லலாமா, கரைக்கு வந்த பிறகு சொல்லணுமா? முக்கால்வாசிப் பேரு பிறகு சொல்லுங்கன்னுதான் எழுதுவான். தெரிஞ்சாலும் வெளியே வர முடியாதே.

"மூணாவது வாரம் ஒரு செய்தி வந்துச்சு. என் ஆளு ஒருத்தனோட அப்பா செத்துட்டார். அவன் 'பிறகு சொல்லுங்க'ன்னு எழுதியிருந்தான். நான் சொல்லல. முப்பத்தஞ்சு நாள். தினமும் அவன் வந்து, 'எல்லாம் சரியா இருக்கு சார்'னு சொல்லுவான். நான் 'சரி'ன்னு சொல்லுவேன். சோறு இறங்கல. தூக்கம் வரல. ஒரே ஒரு வயசானவரோட சாவு. அதைச் சட்டைப்பையில வச்சுக்கிட்டு நடக்கறதே எனக்குப் பாரமா இருந்துச்சு."

கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"அதே படகுல என் அறைக்குப் பத்தடி தள்ளி பதினாறு ஏவுகணை நின்னுச்சு. பல நகரங்களோட சாவு. அதைப் பத்தி நான் ஒரு ராத்திரிகூட தூக்கம் கெட்டதில்லை. முட்டை, பன்றிக் கறி எல்லாம் நல்லா சாப்பிட்டேன். ஓய்வு பெற்ற பிறகுதான் இது ஒரு நாள் உறைச்சுச்சு. நான் கெட்டவன் இல்லை, என் ஆளுங்களும் கெட்டவங்க இல்லை. நல்ல மனுஷங்களையே இப்படி ஆக்கி வைக்கிற பொருள் அது. செவ்வாய்க்கிழமை அந்த முதுகு மேல நின்ன பிள்ளைங்களுக்குத்தான் நான் சல்யூட் அடிச்சேன். அவங்களுக்குக் கீழ இருந்ததுக்கு இல்லை. அவ்வளவுதான். ஏதாவது கேக்கணும்னா கேளுங்க."

கடைசி வரிசையில் கோட்டுப் போட்டவர் எழுந்தார்.

"கேக்கறேன் சார்," என்றார் கில்க்ரிஸ்ட். ஆறு வருஷத்தில் முதல் வார்த்தை. "அன்னிக்கு உத்தரவு வந்திருந்தா ஏவுகணைச் சாவியத் திருப்பியிருப்பீங்களா?"

"திருப்பியிருப்பேன் சீஃப். அதனாலதான் இப்ப வாசல்ல நிக்கறேன்."

கில்க்ரிஸ்ட் தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்ட மாதிரியும் இல்லை, மறுத்த மாதிரியும் இல்லை. "என் பேத்தி அந்தப் படகுலதான் இருக்கா. செவ்வாய்க்கிழமை மூணாவதா நின்னவ அவதான். அந்தப் படகு வேண்டாம்னு நீங்க சொல்றது என்னால இன்னிக்கும் ஒத்துக்க முடியல. அது வேற விஷயம். இப்ப இன்னொண்ணு கேக்கணும்." கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "அந்த அப்பா எங்கப்பா. கிரீனாக்ல கப்பல் கட்டுற பட்டறையில ஆணி அடிச்சவர். சொல்லாம வச்சதுக்கு எனக்கு வருத்தமில்லை, நான்தான் கையெழுத்துப் போட்டேன். ஆனா சார், அந்த அஞ்சு ஞாயித்துக்கிழமை?"

இம்ரியின் முகம் மாறியது.

கடற்படையில் அக்கர்ஸ் என்று ஓர் ஆட்டம் உண்டு. நம் தாயம் மாதிரி, பகடை உருட்டிக் காய் நகர்த்துவது. அதில் தோற்றவனை வருஷக்கணக்கில் கேலி செய்யாமல் விட மாட்டார்கள். அந்தப் பயணத்தில் ஞாயிறுதோறும் கேப்டன் சீஃப்களின் உணவறைக்குப் போய் ஓர் ஆட்டம் ஆடுவார். தொடர்ந்து ஐந்து ஞாயிறு கில்க்ரிஸ்ட் ஜெயித்தார். கேப்டனை ஐந்து தடவை தொடர்ந்து தோற்கடித்தவன் என்று அதற்கப்புறம் கடற்படையில் கால்வாசிப் பேருக்கு அவரைத் தெரியும். கல்யாண வீட்டிலும் சொல்வார், சாவு வீட்டிலும் சொல்வார்.

"கடைசி ஞாயிறு உங்க ரெண்டு காயும் ஒரே கட்டத்துல நின்னுச்சு. அப்படியே விட்டிருந்தா என்னால தாண்டிப் போயிருக்க முடியாது. நீங்க ஒண்ணைப் பிரிச்சு எடுத்தீங்க. முப்பத்தேழு வருஷமா, 'கேப்டன் பயந்துட்டார்'னு சொல்லிட்டுத் திரியறேன். வேணும்னே தோத்தீங்களா?"

"சீஃப்..."

"ஆமாவா, இல்லையா சார்?"

"ஆமா."

கூடத்தில் எல்லோரும் கில்க்ரிஸ்டைத் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் காது சிவந்துவிட்டது.

"அணுகுண்டை மன்னிச்சாலும் மன்னிப்பேன், இதை மன்னிக்க மாட்டேன்!" என்றார்.

பின்வரிசையில் ஒரு வெல்டர் வாய்விட்டுச் சிரித்தார். அதோடு கூடமே வெடித்துச் சிரித்தது.

"உனக்குக் குடுக்க என்கிட்ட அப்ப வேற எதுவும் இல்லை டேவி," என்றார் இம்ரி, சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து. "தப்புதான். மன்னிச்சிரு."

டேவி என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கில்க்ரிஸ்ட் உட்கார்ந்தார். கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு ஆட்கள் வரிசையாகக் கேட்டார்கள். தளம் மூடினால் எங்கள் வேலை என்னாகும், ரஷ்யாக்காரன் என்ன செய்வான், உங்கள் பென்ஷனைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களா? தெரிந்ததற்குப் பதில் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். நடனக்காரர்கள் வாசலில் வந்து நின்று இருமும்வரை கூட்டம் கலையவில்லை.

நாற்காலி அடுக்கும்போது ஷோனா பக்கத்தில் வந்தாள். "மன்னிப்புக் கேக்கச் சொன்னேனே?"

"கேட்டேனே. எல்லாரும் பாத்தாங்களே."

"நான் சொன்னது இது இல்ல, கமாண்டர்." முறைத்தாள். பிறகு, "தொப்பிய வெந்நீர்ல நனைச்சு சுருக்கிடாதீங்க. குளிர்ந்த தண்ணியில அலசணும்," என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலியைத் தூக்கினாள்.

வீட்டுக்கு நடக்கும்போது எல்ஸ்பெத் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கழியில் வெளிச்சம் இன்னும் இருந்தது. "அந்த எட்டு வாரமும் நாப்பது நாப்பது வார்த்தையா எழுதினேன். நானும் எல்லாத்தையும் அதுல சொல்லிட்டதா நினைக்காத," என்றாள். இம்ரிக்குப் பசித்தது.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கில்க்ரிஸ்ட் ஒரு மடக்கு மேசையோடும் அக்கர்ஸ் பலகையோடும் வடக்கு வாசலுக்கு வந்தார். அட்டையை அவர் கையில் வாங்கவில்லை, இம்ரிதான் வேலியில் சாய்த்து வைத்தார். மூன்று ஆட்டம் ஆடினார்கள். முழு மூச்சாக ஆடியும் மூன்றிலும் இம்ரி தோற்றார்.