பாட்டிலின் வாய்

ஆய்வுக்கூடத்துக் கம்ப்யூட்டர் திரையில் ஈயத்துக்கான கோடு விறுவிறுவென்று ஏறியதும் அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். எத்தனையோ பேர் தண்ணீரில் விஷத்தைக் கண்டுபிடித்துச் சொன்னவள்தான். ஆனால் இது வீட்டுக் கிணறு. மகள் குடிக்கிற தண்ணீர். பாதித் தெருவும் குடத்தோடு வந்து நிற்கும். மாமனார் யாருக்கும் இல்லை என்று சொன்னதே கிடையாது. கிணற்றை மூடச் சொன்னால் மனுஷன் ஒடிந்துபோய்விடுவார்.

மெஷின் மேல் பழி போடவும் வழியில்லை. சுத்த நீரை வைத்துப் பார்த்தாள். கோடு படுத்தே கிடந்தது. பிறகுதான் மாமனார் கொண்டுவந்த பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாள். அமிலத்தில் ஊறவைத்துக் கழுவி, அவளே கொடுத்தனுப்பிய பாட்டில். மூடி திருகும் இடத்தில் லேசாகக் கறுப்பு.

வரவேற்பறையில் அவர் சட்டை கசங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, பாட்டில் வாயைத் தொட்டீங்களா?"

"தொடலையேம்மா. தண்ணி வழிஞ்சுது, விரலால ஒரு சுத்து துடைச்சேன். அவ்ளோதான்."

"அதுக்குப் பேருதான் தொடுறது."

நகக்கண்ணிலும் அதே கறுப்பு. சில மாதங்களாகக் கொஞ்சங்கொஞ்சமாகக் கறுத்துவந்த தலை. வீட்டில் எல்லோரும் கண்டும் காணாததுபோல் இருந்தார்கள்.

"இன்னிக்கும் பூசினீங்களா?"

"உன் ஆபீசுக்கு வர்றேன்ல? நாலு பேர் பாக்குற இடம். கிழவனாவா வர்றது?"

திட்டத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்பு வந்து தொலைத்தது. அவரை அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கையுறை மாட்டிக்கொண்டு தானே தண்ணீர் பிடித்தாள். அலமாரியில் இருந்த தலைச்சாயக் குப்பியையும் எடுத்துக்கொண்டாள். திரும்பி வந்து வைத்துப் பார்த்ததில், தண்ணீருக்குக் கோடு அசையவே இல்லை. சாயத்தில் ஒரு சொட்டில் எவ்வளவோ தண்ணீர் கலந்தும் கோடு திரையைத் தாண்டியது.

"கிணறு தப்பிச்சுதாம்மா?"

"தப்பிச்சுது. நீங்க தப்பிச்சீங்களான்னு பாக்கணும். ரத்தம் குடுங்க."

உடனே ஒரு கையை நீட்டிவிட்டார். இன்னொரு கை தானாகத் தலைக்குப் போயிற்று.

"அப்ப, இனிமே வெள்ளைத் தலைதானா?"

"வெள்ளையா இருந்தாலும் நீங்கதான் மாமா எங்களுக்கு வேணும்."

ஊசி குத்தும்போதுகூட அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெஷினில் அவர் ரத்தத்தின் முறை வந்தபோது அவள் கண்ணாடிச் சுவரைப் பார்த்தாள். அந்தப் பக்கம் மாமனார் குனிந்து நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார், எதையும் தொட்டுவிடாதபடி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு.