பெட்டரி போன இடம்

பிலிமத்தலாவையில் கண்டி ரோட்டைப் பார்த்திருக்கும் பித்தளைக் கடையின் பின்பக்கத்து ஸ்டோரில், குத்துவிளக்குகளுக்கு நடுவே ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, சீதா தன் அப்பாவின் குரலைக் காதுக்குள் செருகிக்கொண்டாள். மதியச் சாப்பாட்டுக்கு விட்ட அரை மணி நேரம் அது. சோற்றுப் பார்சல் பிரிக்காமலே கிடந்தது. செத்து முப்பத்தொன்பது வருஷமான மனுஷன், "வணக்கம், வணக்கம்" என்று மூக்கால் சிரித்துக்கொண்டு போனுக்குள்ளிருந்து வந்தார்.

அழகமுத்து என்றால் ஒரு காலத்தில் ரேடியோ வைத்திருந்த வீடெல்லாம் அறியும். 'தவறணைச் சின்னான்' என்ற வேஷம் அவருடையது. வாராவாரம் சாராயத் தவறணையைப் பூட்டிய பிறகு ஒரு தோட்டத்துக் குடிகாரன் வந்து கதவைத் தட்டுவான். "வந்தது வந்துட்டோம், ஒரு சொட்டாச்சும் குடுங்கய்யா!" என்று அழுவான். அவ்வளவுதான் சரக்கு. அதற்கே ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பஸ்ஸில் இடம் கேட்டாலும் அந்த வசனம்தான், ரேஷன் கியூவில் நின்றாலும் அதுதான். பள்ளிக்கூடத்தில் சீதாவுக்கு 'சொட்டு' என்றே பேர் வைத்துவிட்டார்கள் பாவிகள். அப்பா கொழும்பில் இருந்தார். தீபாவளிக்கும் சித்திரை வருஷப் பிறப்புக்கும் சேலை துணியோடு வருவார், பிறகு அதுவும் நின்றது. எண்பதாம் ஆண்டு ஈரல் கெட்டு ஒரு வாடகை அறையில் செத்துப்போனார். தந்தி வந்து சேர்ந்தபோது எரித்து முடிந்து இரண்டு நாள்.

அப்படிப்பட்டவரின் குரலை இப்போது தேடுவானேன்? எல்லாம் அம்மாவுக்காக. பாலம்மாவைப் பெரியாஸ்பத்திரியில் இருபது நாள் வைத்திருந்துவிட்டு, "வீட்டுக்குக் கொண்டு போய் ஆசைப்பட்டதைக் குடுங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாதவர் யார்? கடுகண்ணாவை வீட்டில் படுக்கையில் கிடந்தபடி அம்மா ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஒங்கப்பா ரேடியோல எம் பேரச் சொன்னாரு. அத ஒருக்கா கேட்டுட்டேன்னா போதும்."

இந்தக் கதையைச் சீதா ஆயிரம் தடவை கேட்டிருப்பாள். எழுபத்தாறாம் ஆண்டு, அப்பாவைப் பேட்டி எடுத்து ஒலிபரப்பினார்கள். அப்போது அவர்கள் கடுகண்ணாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டில் இருந்தார்கள். லயத்துக்கே ஒரே ரேடியோ, அது மூக்கையா மாமா வீட்டில். அத்தனை சனமும் அங்கே கூடியது. ஒன்பது வயதுச் சீதா முன்னால் சப்பணம் போட்டிருந்தாள். பேட்டி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, திடீரென்று சத்தம் நின்றது. "பெட்டரி போச்சு" என்றார் மூக்கையா மாமா. பெட்டரிகளைக் கழற்றி அடுப்பங்கரையில் சூட்டுக்கு வைத்தார். அப்படி வைத்தால் கொஞ்ச நேரத்துக்கு உயிர் வரும் என்பது லயத்து வைத்தியம். வந்த சனம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்து போனது. அந்தத் தீபாவளிக்கு வந்த அப்பா, "கேட்டியா?" என்று கேட்டார். "பெட்டரி போச்சுங்க" என்றாள் அம்மா. அவர், "ஒம் பேரத்தான் சொன்னேன்" என்றாராம். அம்மா நாற்பத்து மூன்று வருஷம் அதை வைத்தே பிழைப்பு நடத்திவிட்டாள்.

பேட்டியைத் தேடிக் கொடுத்தவர் முத்துலிங்கம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், வானொலியில் ஒலிப்பதிவு வேலை பார்த்து ஓய்வுபெற்று, கண்டியில் மகள் வீட்டோடு இருந்தார். குப்பைக்குப் போகவிருந்த பழைய ஒலிநாடாச் சுருள்களை மூட்டை மூட்டையாகக் காப்பாற்றி வைத்து, ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார். விளக்கு வாங்க வந்தவரிடம் பேச்சுவாக்கில் சீதா அப்பா பேரைச் சொல்ல, "ஓம் பிள்ளை, அவரின்ரை பேட்டி என்னட்டக் கிடக்கு" என்று அவர் சொன்னதும், அவள் தூக்கியிருந்த குத்துவிளக்கைக் கீழே போடாத குறை. நேற்றிரவு போனுக்கு அனுப்பியிருந்தார். கூடவே ஒரு வரி எழுதியிருந்தார்: 'முதல்ல நீங்கள் தனிய இருந்து கேளுங்கோ.'

கேட்டாள். பதின்மூன்று நிமிஷம் வரைக்கும் அப்பாவின் பாட்டும் பகிடியுமாக ஓடியது. ஒன்று மட்டும் உறுத்தியது. வீட்டில் 'ஆமா', 'ஆமாங்க' என்று பேசிய மனுஷன் அங்கே வாய்க்கு வாய் யாழ்ப்பாணத்து 'ஓம்' போட்டார். சொந்த ஊர் எதுவென்று கேட்டதற்கு, "கண்டிப் பக்கம்தான், ஆனா எங்கடை ஆக்கள் எல்லா இடமும் இருக்கினம்" என்று வழுக்கினார். லயத்துக்காரன் என்று தெரிந்தால் மரியாதை போய்விடுமோ? போகட்டும், பிழைக்கப் போன இடத்தில் அப்படித்தான் என்று சீதா மனசைத் தேற்றிக்கொண்டபோது, அறிவிப்பாளர் கேட்டார்:

"நாடே சொல்லிச் சிரிக்கிற அந்த வசனம் உங்களுக்கு எங்கே கிடைத்தது?"

"ஓம், அது ஒரு பெரிய பகிடி. நான் ஒருக்கா ஒரு தோட்டத்து டிஸ்பென்சரிக்கு அலுவலாப் போனனான். நல்ல மழை. யாரோ ஒரு தோட்டத்துப் பொம்பிளை, கைப்பிள்ளையோட வந்து நிக்கிறாள். டிஸ்பென்சர் தொட்டுப் பாத்திட்டு, பிள்ளை செத்துக் கனநேரம், கொண்டு போ எண்டுறார். அவளுக்கு விளங்கினாத்தானே! கையை நீட்டிக்கொண்டு சொல்றாள், வந்தது வந்துட்டோம், ஒரு சொட்டாச்சும் குடுங்கய்யா!"

அறிவிப்பாளர் முதலில் தயங்கினார். பிறகு அவரும் சிரித்தார். "பிறகு?"

"பிறகென்ன, ஆளை அனுப்ப வேணுமே. அவரும் ஒரு போத்தில் கலக்கிக் குடுத்தார்."

சீதா அதோடு போனை நிறுத்தினாள். அம்மாவின் அலுமாரியில், சேலைகளுக்குப் பின்னால் ஒரு மருந்துப் போத்தல் இருக்கிறது. மூன்று வேளைக்கு அளவு வெட்டி ஒட்டிய கடதாசி இன்னும் அதன் பக்கத்தில் உண்டு. உள்ளே சிவப்பாகக் காய்ந்துபோன கறை. மூன்று தடவை வீடு மாறியும் அதை எறிய அம்மா விட்டதில்லை. எழுபத்து நாலில், லயமே பட்டினி கிடந்த வருஷம், ஒன்றரை வயதுத் தம்பியைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் டிஸ்பென்சரிக்கு இறங்கிப்போனவள் அம்மா. நனையாமல் தலைக்கு மேலே படங்குச் சாக்கைப் பிடித்துக்கொண்டு கூடவே போனவர் மூக்கையா மாமா. அப்பா அன்றைக்கு அங்கே இல்லவே இல்லை. பிறகு துக்கத்துக்கு வந்த அப்பாவின் மடியில் விழுந்து அம்மாதான் அழுது அழுது சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டு கொழும்புக்குப் போய் என்ன செய்திருக்கிறார் பார்! சண்டாளா, பெற்ற பிள்ளையடா என்று சீதாவுக்கு வாய்விட்டே வந்துவிட்டது. அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. பெட்டரி போன அன்றைக்கு, பொழுது சாய்ந்த நேரத்தில் மூக்கையா மாமா வீட்டிலிருந்து ரேடியோப் பாட்டுக் கேட்டது. அடுப்புச் சூட்டில் உயிர் வந்துவிட்டது என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள்.

மிச்சத்தையும் கடைசி வரை கேட்டுவிட்டு, முத்துலிங்கம் ஐயாவுக்குப் போன் பண்ணினாள்.

"ஐயா, வேற துண்டு எதுவும் இருக்குமா? பாலம்மான்னு ஒரு பேரு..."

"இல்லைப் பிள்ளை. மூண்டு தரம் கேட்டனான். அவ்வளவும்தான்." பிறகு, "அம்மாவுக்குப் போடத்தான் வேணுமோ?" என்றார்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு சீதா வீட்டுக்குப் போனாள். பதின்மூன்று நிமிஷம் போடலாம், அதோடு நிறுத்திவிடலாம் என்று பஸ்ஸிலேயே முடிவு பண்ணியிருந்தாள். பாட்டும் பகிடியும் கேட்கட்டும், போகிற உயிர் நிம்மதியாகப் போகட்டும். வீட்டுக்குள் நுழைந்தால், அம்மா பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுத் தலை வாரிக்கொண்டு, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எலும்பும் தோலுமான அந்த உடம்புக்கு அப்படியொரு ஆயத்தம்.

"கதிரைய இழுத்துப் போடு. அதுல வெய்யி" என்றாள். வீட்டுக்கு வந்த மனுஷனை உட்கார வைக்கிற மாதிரி, சீதா போனைக் கதிரையில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பெருவிரல் போனுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"வணக்கம், வணக்கம்" என்ற சிரிப்பு வந்ததும் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பாட்டுக்குத் தலை ஆட்டினாள். 'ஓம்' என்று வந்த இடத்தில், "பெரிய யாப்பாணத்தாரு" என்று ஒரு நக்கல் விட்டாள். வெளியே கொழும்பு ரயில் கடந்து போன சத்தத்தில் சீதாவின் கவனம் ஒரு கணம் தவறியது. "...தோட்டத்து டிஸ்பென்சரிக்கு..." விரல் பதறிப்போய் அமுக்கியது.

"பெட்டரி போச்சும்மா."

அம்மா கண்ணைத் திறந்து கதிரையைப் பார்த்தாள். "அடுப்புக்கிட்ட வெய்யி. உயிரு வந்துரும்."

சீதா போனிலிருந்து விரலை எடுத்தாள்.

"மூக்கையாண்ணனும் இதே எடத்துலதான் ரேடியோவத் திருகி நிப்பாட்டுனாரு. நா பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

"எல்லாம் தெரிஞ்சுதான் இருந்தியாம்மா?"

"எஞ் சொல்லு எனக்குத் தெரியாதா? மொத நாளு தவறணக் கூத்துல கேட்டப்பவே அடுப்புச் சோத்த அப்பிடியே போட்டுட்டுப் போயிப் படுத்தேன். வேற என்னா செய்ய?" மூச்சு வாங்கியது. "அத அவரு எடுத்துக்கிட்டாரு. போகுது. யாருகிட்ட எடுத்தேன்னு சொல்லியிருந்தாருன்னா, அது போதும்."

"அப்பா சொல்லல்லன்னா?"

"அந்த எடத்துக்கு அப்பறம் நா கேக்கலயே. கடைசில சொல்லியிருக்கலாம்ல? தீவாளிக்கு வந்து எம் மூஞ்சியப் பாக்காமத்தான் சொன்னாரு. ஆனாலும் சொன்னாருல்ல."

மிச்சம் ஐந்து நிமிஷம் இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று சீதாவுக்குத் தெரியும். தலை வாரி, நீறு பூசிய அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் கதிரையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடு சீதா" என்றாள் அம்மா. "வந்தது வந்துட்டோம்."

நரம்பு புடைத்த கை ஒன்று படுக்கையிலிருந்து மெதுவாக நீண்டு, உள்ளங்கை மேலாக விரிந்து நின்றது. கதிரையில் கிடந்த போன் இன்னும் அணையவில்லை. அதன் வெளிச்சம் அந்தக் கைக்குள் விழுந்துகொண்டிருந்தது.