வீரையன் திருப்பிச் சொன்ன வாக்கியம்

1.
எழுபத்தொன்றாம் வருஷத்து நாட்குறிப்பில் அன்றைக்கு நாலே சொல் எழுதியிருக்கிறேன்: ‘விசாரணை. வீரையன் பேர் ஏறவில்லை.’ அதில் பொய்யில்லை. அதனால்தான் இந்தக் கதை.

(‘நான்’ என்று எழுதினால் மூன்றாவது வரியிலேயே என் பக்கம் சாய்ந்துவிடுகிறேன். ஆகவே அன்று வாத்தியாராக இருந்த எனக்குப் பஞ்சநதம் என்று பெயர் வைத்திருக்கிறேன்.)

2.
ஒரத்தநாட்டுப் பக்கம் வயதுவந்தோருக்கு மாலை வகுப்பு நடத்திய பஞ்சநதம், எழுத்தோடு கோபத்தை அடக்கவும் கற்றுக்கொடுத்தான். எதிராளி சொன்னதை முதலில் நீ திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகுதான் உன் பதில். வாய்க்கால் தகராறில் மூன்று மாதமாகப் பேசாதிருந்த நாகம்மாளையும் ராஜாத்தியையும் எதிரெதிரே உட்காரவைத்தான்.

“மடைய நான்தான் அடைச்சேங்கிற. அதானே?” என்றாள் நாகம்மாள்.

“அதேதான்டி. ஒன் வாயால கேக்க என்னா சொகமா இருக்கு!” என்றாள் ராஜாத்தி.

வகுப்பே சிரித்தது. நாகம்மாளும்தான்.

குத்தகை விவசாயி வீரையன் மட்டும் கேட்டார்: “பெரிய மனுசங்ககிட்டயும் இப்புடித்தானா வாத்தியாரே?”

“எங்கயும் இப்படித்தாண்ணே.”

(இதற்கு முன் ‘பஞ்சநதம் சற்று யோசித்தான்’ என்று எழுதி அடித்துவிட்டேன். அவன் யோசிக்கவில்லை.)

3.
உழவடைப் பதிவு விசாரணை. வீரையன் பதினான்கு வருஷமாக உழுத ஒன்றரை ஏக்கர். குத்தகைக்காரர் என்று பதிவேட்டில் பேர் ஏறினால் அவரை யாரும் கிளப்ப முடியாது.

“இவன் குத்தகைக்காரன் இல்லீங்க. நம்ம கூலி ஆளு,” என்றார் நிலக்காரர் துரைராசு.

வீரையனின் கழுத்து நரம்பு புடைத்தது. கூட்டத்தில் வாத்தியாரைத் தேடிப் பார்த்தார். மூச்சை இழுத்து விட்டார். நிதானமாகச் சொன்னார்:

“நான் குத்தகைக்காரன் இல்ல, கூலி ஆளுங்கிறீங்க.”

“பாத்தீங்களா, அவனே சொல்லிட்டான்!”

“எழுதிக்கய்யா,” என்றார் அதிகாரி எழுத்தரிடம். “அடுத்த ஆளு.”

“அய்யா, இனிமேத்தான் என் பதிலு…”

“அடுத்த ஆளுன்னேன்ல?”

பஞ்சநதம் சட்டென்று எழுந்து, “ஐயா, அவர்

[இந்த வாக்கியத்தை இதற்கு மேல் எழுத முடியவில்லை. அவன் எழவில்லை. சர்க்கார் சம்பளம்; அதிகாரி அவனை அறிவார்.]

4.
முடிவு ஒன்று: வீரையன் பாடத்தை மறந்து கத்துகிறார், நிலம் தங்குகிறது. (போலீஸ் வேன் ஏறியும் இருக்கலாம். எனக்குத் தெரியாது.)

முடிவு இரண்டு: அப்பீல், வெற்றி. (ஆசைதான்.)

நடந்தது: அந்தக் குறுவைக்கு அங்கே வேறு ஆள் நாற்று விட்டான். மன்னிப்புக் கேட்கப் போன பஞ்சநதத்துக்கு வீரையன் மோர் கொடுத்தார். குடிக்கும்வரை காத்திருந்து கேட்டார்:

“நான் கத்தியிருந்தா நீங்க எந்திரிச்சிருப்பீங்களா வாத்தியாரே?”

பதிலை இரண்டு விதமாக எழுதினேன். இரண்டிலும் பஞ்சநதம் நல்லவனாகவே வருகிறான். ஆகவே நான் எழுதப் போவதில்லை. அவனை இவ்வளவு தூரம் பார்த்துவிட்டீர்கள், நீங்கள் சொல்லுங்கள்.