சட்டைப்பைக்குள் ஆட்டுமணி

மணியைக் கழற்றிவிட்டுத்தான் பிள்ளையை உள்ளே அனுப்ப வேண்டும் என்று டீச்சர் சொன்னதும் பெருமாள்சாமிக்கு முகம் சுண்டிப்போனது. கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய்க் கடைக்கு மேல்மாடியில், சனி ஞாயிறு காலைகளில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் தாளமும் சொல்லித் தருகிறவள் சுகுணா டீச்சர். கீழே காயும் வெல்லப்பாகின் வாசம் மாடிப்படி முழுக்க ஏறிக் கிடக்கும். அந்தப் படியின் உச்சியில், மகள் பிரித்திகாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கி விடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான் அவன். பிள்ளைக்கு நாலு வயது. அவளுடைய அரைஞாண் கயிற்றில், கவுனுக்கு வெளியே தொங்குகிற மாதிரி, சின்ன வெண்கல ஆட்டுமணி ஒன்று கட்டியிருந்தது. அவள் மூச்சு விட்டால்கூட அது கிணுங்கியது.

“இது இல்லேன்னா பிள்ள எங்கன நிக்குன்னு எப்படி டீச்சர் தெரியும்?” என்றான்.

“கூப்பிட்டாத் தெரியும் அண்ணாச்சி.”

“கூப்பிட்டாத் திரும்ப மாட்டாளே. அதுக்குத்தான கட்டியிருக்கு.”

“அவ எதுக்குத் திரும்பணும்? அவளுக்குப் பதிலா மணிதான் எல்லாத்துக்கும் பதில் சொல்லிருதே” என்று சிரித்தபடி சொல்லிவிட்டு, குனிந்து தானே முடிச்சை அவிழ்த்து மணியை அவன் கையில் வைத்தாள். படித்த பெண்ணாயிற்றே என்று அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ஆனால் படியிறங்கும்போது, ஆடு மேய்க்கிறவன் என்றால் எல்லாருக்கும் இளப்பம்தான் என்று அவனுக்குப் பொருமிக்கொண்டு வந்தது.

அந்த மணி அவனுடைய யோசனை. அதில் அவனுக்குப் பெருமையும் உண்டு. மந்தையில் எந்த ஆடு எந்தப் புதருக்குள் நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு மணியை வைத்தே சொல்லிவிடுகிறவன் அவன். பிரித்திகா நடக்கத் தொடங்கியதிலிருந்து ஆட்டுக்குட்டிகளுக்குப் பின்னாலேயே போய்விடுவாள். பேர் சொல்லிக் கத்தினாலும் திரும்ப மாட்டாள், வாயும் திறக்க மாட்டாள். “ம்மா”, “தா” என்பதற்கு மேல் அவளிடம் பேச்சே வரவில்லை. வசம்பை உரசி நாக்கில் தடவிப் பார்த்தாயிற்று. கோயிலில் நேர்ந்துகொண்டாயிற்று. தெருவில் இரண்டொருவர் பிள்ளையை ஊமை என்று குறிப்பிடவும் தொடங்கியிருந்தார்கள். அந்தச் சொல் காதில் விழுந்த அன்று அவன் மனைவி பூங்கொடி சோறு தின்னவில்லை. மறுநாளே திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். காது நன்றாகக் கேட்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேச்சுப் பயிற்சிக்கு வரச் சொன்னார். கூடவே, பிள்ளையோடு பாடுங்கள், மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து பாட விடுங்கள், இந்த வயதில் அது ரொம்ப உதவும் என்றார். பூங்கொடி வேலை பார்க்கிற தீப்பெட்டி ஆபீசில், அவள் பக்கத்தில் உட்கார்ந்து தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்குகிற முத்துத்தாய்தான் இந்த மாடியைப் பற்றிச் சொன்னவள்.

வாயைத் திறந்து தண்ணீர் கேட்கத் தெரியாத பிள்ளைக்குப் பாட்டு கிளாஸா என்று பெருமாள்சாமி கேட்டுப் பார்த்தான். பூங்கொடி பைக் சாவியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அதற்கு மேல் அந்த வீட்டில் விவாதம் கிடையாது.

பிள்ளையை மாடியில் விட்டுவிட்டு, கீழே பைக்கில் உட்கார்ந்திருப்பான். ஜன்னல் வழியாக எல்லாம் கேட்கும். அங்கே ஆஜர் எடுப்பதே பாட்டில்தான். “கோகுலகிருஷ்ணா... எங்கன இருக்கே...” என்று டீச்சர் இழுத்துப் பாடுவாள். மற்ற பிள்ளைகள் தொடையில் தட்டித் தாளம் போட, அந்தப் பையன் அதே ராகத்தில் “இங்கன இருக்கேன்” என்று பாடுவான். இப்படியே ஒவ்வொரு பிள்ளையாக வரும். பிரித்திகாவின் பேர் வரும். பிறகு ஒன்றும் வராது. டீச்சர் அவசரப்பட மாட்டாள். திரும்பக் கூப்பிடவும் மாட்டாள், அதட்டவும் மாட்டாள். பிள்ளைகளின் கைத்தட்டு மட்டும் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். கீழே பெருமாள்சாமி பைக்கின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஜன்னலையே பார்ப்பான். அடுத்த பேருக்குப் போய்த் தொலையேன் தாயே என்று மனசுக்குள் கெஞ்சுவான். ஆனால் அந்த நேரத்தில் கடைப்பக்கம் போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று ஒரு நாளும் அவனுக்குத் தோன்றியதில்லை.

ஐப்பசி அடைமழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றபோதுதான் அது கேட்டது. டீச்சர் பேரைப் பாடினாள், கைத்தட்டு ஓடியது, அப்புறம் ஒரு சின்ன முனகல். “ம்ம்ம்... ம்ம் ம்ம்.” சொல் இல்லை, ஆனால் ராகம் பிசகாமல் இருந்தது. பூங்கொடியிடம் சொன்னபோது அவள் முகத்தைச் சேலைத்தலைப்பில் புதைத்துக்கொண்டாள். “முனகுதாளா பாடுதாளான்னு யாருக்குத் தெரியும்” என்று இவன் வேண்டுமென்றே ஒரு போடு போட்டான். நம்பிவிட்டு அப்புறம் ஏமாறப் பயமாக இருந்தது.

அன்றிலிருந்து வீட்டில் பூங்கொடி பிள்ளையைப் பாட்டாகத்தான் கூப்பிட்டாள். சோற்றுக்கும் பாட்டு, குளிக்கவும் பாட்டு. சில நேரம் முனகல் வரும், சில நேரம் வராது. இவன் மட்டும் பழையபடி “ஏட்டி” என்றுதான் கத்தினான்.

“நீங்களும் ஒரு வாட்டி கூப்பிடுங்களேன்.”

“போடி. தெருவுல நின்னு பாடச் சொல்லுதியா? எவனாவது கேட்டா என்ன நெனப்பான்?”

“ஊரெல்லாம் கேக்க ஆட்டப் பாத்து ப்பே ப்பேன்னு கூவுதீங்க. அதுக்குக் கூச்சம் இல்ல. பெத்த பிள்ளையக் கூப்பிட மட்டும் கூச்சமாக்கும்?”

அவன் கம்பை எடுத்துக்கொண்டு ஆட்டைப் பார்க்கக் கிளம்பினான். கூச்சம் மட்டும் போகவில்லை.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை. பூங்கொடிக்கு ஆபீஸ் இருந்தது. கிளாஸ் முடிந்ததும் மணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பிள்ளையைப் பைக்கில் முன்னால் உட்காரவைத்து, விளாத்திகுளம் ரோட்டில் திரும்பி நேராக ஆடு நிற்கிற தரிசுக்கே வந்துவிட்டான். காலையிலிருந்து மேய்த்த சித்தப்பா மகன் வெயிலுமுத்து சாப்பிடப் போயிருந்தான். மழை விட்டுச் சில நாளாகியும் கரிசல் இன்னும் காலைப் பிடித்து இழுத்தது. தரிசை ஒட்டி ஆளுயரத்துக்கு மேல் மக்காச்சோளம் நின்றது. அதற்கு அந்தப் பக்கம், கோடையில் தோண்டிய பண்ணைக்குட்டை கரை தளும்ப நிறைந்து கிடந்தது.

பைக்கை நிறுத்தியதுமே வேலிமரத்தடியில் செவலை ஆடு படுத்து முக்குவதைப் பார்த்துவிட்டான். முதல் ஈத்து. குட்டியின் ஒரு கால் மட்டும் வெளியே வந்து, இன்னொன்று மடங்கி மாட்டியிருந்தது. பிள்ளைக்கு மணி கட்ட வேண்டும் என்பது அவனுக்கு மறந்தே போனது. மண்டி போட்டு, கையைக் கழுவி, மெல்ல உள்ளே விட்டுக் காலை நிமிர்த்தி, ஆடு முக்கும்போது சேர்ந்து இழுத்து, ஒரு வழியாகக் குட்டி வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. மூக்கைத் துடைத்து ஊதியதும் அது தும்மியது. பெருமாள்சாமி சிரித்துவிட்டான்.

“ஏட்டி பிரித்தி, இங்கன பாரு, யாரு வந்திருக்கான்னு” என்று திரும்பினான்.

அங்கே யாரும் இல்லை.

முதலில் அவன் பயப்படவில்லை. பழக்கப்படி காதைத்தான் கொடுத்தான். கிடாயின் கனத்த மணி ஓடைக்கரையில் கேட்டது, மற்றவையும் இருக்க வேண்டிய இடத்தில் கேட்டன. அவள் மணி இல்லை. எழுந்து நாலு எட்டு வைத்தான். கிணுங்கியது. பக்கத்தில்தான் இருக்கிறாள். போன உயிர் வந்தது. நின்று பார்த்தான், சத்தம் நின்றுவிட்டது. ஓடினான், மறுபடி கிணுங்கியது. இடப்பக்கம் திரும்பினால் இடப்பக்கம், வலப்பக்கம் திரும்பினால் வலப்பக்கம். வேலிமரத்தைச் சுற்றினான், பாறைக்குப் பின்னால் குனிந்து பார்த்தான். சத்தம் விடாமல் கூடவே வந்தது. அப்புறம்தான் அவன் கை மெதுவாகத் தன் சட்டைப்பைக்குப் போனது. உள்ளே மணி குளிர்ந்து கிடந்தது.

கரிசல் ஈரத்தில் சின்னக் கால் தடங்கள் தெரிந்தன. அவை மக்காச்சோளத்துக்குள் போயிருந்தன. உள்ளே தோகை விழுந்து கிடந்த இடத்தில் தடம் அழிந்துபோனது. பயிர்வரிசைகளுக்கு நடுவே எந்தச் சாலில் போனாளோ. எல்லாச் சாலும் குட்டைக்கரையில்தான் போய் முடிகின்றன.

“ஏட்டி பிரித்தி! பிரித்திகா!”

ஓடைக்கு அக்கரையில் நிற்கிற ஆட்டைத் திருப்புகிற தொண்டை அது. கொக்குகள் எழும்பிப் பறந்தன. பதில் இல்லை. பிறந்ததிலிருந்து அந்தக் கத்தலுக்கு அவள் பதில் சொன்னதே இல்லை. இன்றைக்கு மட்டும் எதற்குச் சொல்லப்போகிறாள்? எந்தப் பக்கம் ஓடுவது? தப்பான சாலில் ஓடினால் அந்த நேரத்துக்குள் என்னவும் நடக்கலாம். ஐயோ, கழற்றினேனே, கழற்றியதை மறந்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டான்.

அப்புறம் அவன் வாயைத் திறந்தான். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு வந்த குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது, உச்சியில் ஏறிக் கிறீச்சிட்டு உடைந்தது. எச்சிலை விழுங்கிவிட்டு, ஜன்னலுக்குக் கீழே அத்தனை வாரமும் கேட்டதை நினைத்துக்கொண்டு, கீழிருந்து தொடங்கினான்.

“பிரித்திகா... எங்கன இருக்கே...”

பாடி முடித்ததும்தான் கஷ்டமான பாகம் வந்தது. காத்திருக்க வேண்டும். நடுவில் கத்தக் கூடாது, ஓடக் கூடாது. உடம்பு முழுக்க ஓடு ஓடு என்றது. மணி கிணுங்கிவிடாதபடி அதன் நாக்கைச் சட்டைப்பையோடு சேர்த்துக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். மற்றொரு கை தானாகத் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. தோகைகள் உரசுகிற சத்தம். புதுக்குட்டியின் சத்தம். கைத்தட்டு.

“ம்ம்ம்... ம்ம் ம்ம்.”

வலப்பக்கம். தூரத்தில். ராகம் பிசகவில்லை.

தோகை முகத்தைக் கிழிக்க, அந்தப் பக்கம் பாய்ந்தான். கொஞ்ச தூரத்தில் திசை குழம்பியதும் நின்று மறுபடி பாடினான். இந்த முறை அவனைக் காக்கவைக்காமல் பதில் வந்தது. இன்னும் ஒரு தரம் பாடினான். இன்னும் பக்கத்தில் கேட்டது. கடைசியில் சால் முடிகிற இடத்தில், கதிரிலிருந்து பிடுங்கிய பட்டுமுடியை மடியில் குவித்து வைத்துக்கொண்டு, அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் கரை. கரைக்கு அந்தப் பக்கம், தண்டுகளுக்கு நடுவே, தண்ணீர் பளபளத்தது. அப்பனைப் பார்த்துச் சிரித்து, கேட்காமலேயே இன்னொரு தரம் முனகிக் காட்டினாள். அவன் சேற்றில் அப்படியே உட்கார்ந்து, அவளைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். பிழைத்தோம், பிழைத்தோம் என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

பைக்கைத் தரிசிலேயே விட்டுவிட்டு, ஆடுகளைத் திருப்பி ஊருக்குள் வரும்போது, ஒரு கையில் புதுக்குட்டி, இடுப்பில் மகள். நாலு எட்டுக்கு ஒரு தரம் பாடிக்கொண்டே வந்தான். இடுப்பில்தான் இருக்கிறாள், ஆனாலும் கேட்க வேண்டியிருந்தது. எதிரே வந்த வெயிலுமுத்து வாயைப் பிளந்தான்.

“என்னண்ணே, கச்சேரி பலமா இருக்கு?”

“நீயும் தாளத்தப் போட்டுக்கிட்டு வாலே” என்றான் பெருமாள்சாமி.

பூங்கொடி ஆபீசிலிருந்து வந்ததும் எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டான். மணியை மறந்ததையும் குட்டைக்கரையையும் சொன்னான். அவள் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவள் காலில் காய்ந்திருந்த சேற்றைச் சேலைத்தலைப்பால் துடைத்துவிட்டாள். பிறகு, “பாடினீங்களா?” என்று மட்டும் கேட்டாள். தலையை ஆட்டினான். “என் சாமி” என்றாள். அது யாரைச் சொன்னது என்று அவன் கேட்கவில்லை.

பொழுது சாய்கிற நேரம், கொல்லையில் ஆடுகளை அடைத்துவிட்டு, செவலையின் மடியில் குட்டியின் வாயைச் சேர்த்துப் பிடித்துக் குனிந்திருந்தான். மணி இன்னும் சட்டைப்பையில்தான் இருந்தது. அதை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. வீட்டுப் பின்வாசலில் யாரோ வந்து நிற்கிற மாதிரி இருந்தது.

“ப்பா... ங்கன... க்கே...”

சொல் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. ராகம் முழுசாக இருந்தது. அவனைப் பார்த்து அந்த “ப்பா” இதுவரை வந்ததில்லை.

நிமிர்ந்தான். பதில் சொல்ல வேண்டும், இரண்டே சொல்தான், தெரிந்த சொல்தான். இப்போது இவனுக்குத்தான் பேச்சு வரவில்லை. வாசற்படிக்குப் பின்னால் பூங்கொடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள், எடுத்துக்கொடுக்கவில்லை. பிரித்திகா அவசரப்படவில்லை. திரும்பக் கூப்பிடவும் இல்லை. டீச்சர் நிற்கிற மாதிரியே தலையைக் கொஞ்சம் சாய்த்து, சின்னக் கையால் தொடையில் மெல்லத் தட்டிக்கொண்டு, அப்பாவுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.