தட்டு போட்டு மூடிய இலை

வீட்டில் அவளுக்குக் குடல்காரி என்று பெயர். வைத்தவள் நாத்தனார். காரணம் இல்லாமல் இல்லை. ஆய்வுக்கூடத்தில் அவள் வேலையே இரண்டு அங்குல ஆட்டுக்குடலோடுதான். வெதுவெதுப்பான உப்புநீரில் அதைத் தொங்கவிட்டு, மேல்முனையை நூலால் ஒரு முள்ளோடு கட்டினால், குடல் மணிக்கணக்கில் சுருங்கி விரியும். சுருங்கும்போதெல்லாம் முள் தாளில் ஒரு மலை வரையும். வயிற்றைப் பிடித்து இழுக்கும் வலிக்கு மருந்தென்றால், அந்த மலையைத் தணிக்க வேண்டும்.

நாத்தனார் வேலியிலிருந்து பறித்துக் கொடுத்த வாசனை இலை தணித்தது. சாராயத்தில் ஊறிய சாறு பத்துச் சொட்டு விழுந்ததும் மலை தரையாயிற்று. அடுத்த கட்டச் சோதனைக்குப் போக, அன்று மாலை ஐந்துக்கு முடியும் மருந்துப் பட்டியலில் இலையைத் துறைத்தலைவர் சேர்த்தும்விட்டார்.

இலை சேராத வெறும் சாராயத்தை முதலிலேயே விட்டுப் பார்த்திருக்க வேண்டும். நாத்தனார் இலை என்ற ஆசையில் அதை மறந்திருந்தாள். இப்போது விட்டாள். அதற்கும் மலை தரையாயிற்று.

வேறு யாரும் பார்க்கவில்லை. அவள் நேராகத் தலைவர் அறைக்குப் போனாள்.

"சார், தணிச்சது இலைன்னு சொல்ல முடியாது. சாராயமே தணிக்குது. பேரை அடிச்சிடுங்க."

அடித்தார். "அஞ்சு வரைக்கும் நேரம் இருக்கும்மா" என்றார்.

இலையைத் தண்ணீரில் அரைமணி கொதிக்கவிட்டாள். அந்தத் தண்ணீரை விட்டும் மலை தணியவில்லை. நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"அண்ணி, உங்க இலை ஒண்ணும் செய்யல."

"எங்க வயித்துக்கெல்லாம் செஞ்சுது, உன் ஆட்டு வயித்துக்கு ஆகலையா? எப்படிடி வெச்சே?"

"அரைமணி கொதிக்க வெச்சேன்."

"ரூம் பூரா வாசனை அடிச்சிருக்குமே?"

"ஆமா."

"அப்ப ரூமுக்கு வயித்துவலி போயிருக்கும். அடுப்ப அணைச்சிட்டு இலையப் போட்டு, தட்டால மூடுடி."

குடல்காரி தலையில் அடித்துக்கொண்டாள். வாசனை என்பது இலையின் எண்ணெய், ஆவியோடு பறந்துவிடும். தட்டு போட்டால் அடியில் முத்துமுத்தாகப் படிந்து திரும்பச் சொட்டும்.

இந்த முறை வெறும் தண்ணீர்தான் முதலில். மலை அப்படியே நின்றது. பிறகு மூடி ஆறவைத்த இலைத்தண்ணீர். மலை மெல்லத் தணிந்தது. புது உப்புநீரால் கழுவினாள். மலை மறுபடி எழுந்தது. குடல் சாகவில்லை, இளைப்பாறியிருக்கிறது. மூன்று புதுத் துண்டுகளிலும் அதே கதை.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் தலைவர் அடித்த பெயரை மீண்டும் எழுதினார். "செய்முறை யாருது?"

"எங்க அண்ணியோடது சார். அவங்க பேரையும் போடுங்க."

வெளியே வந்ததும் போன் அடித்தது.

"என்னடி, ஆடு பொழச்சுதா?"

"ஆடு போனது போனதுதான் அண்ணி. இலை பொழச்சுது."

"அதான் எனக்குத் தெரியுமே" என்றாள் நாத்தனார். ஆனால் போனை வைக்க மனமில்லாமல், தாளில் மலை எப்படித் தணிந்தது என்று இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.