அரம் இட்ட அடையாளம்

கூவம் ஒருபுறமும் கொற்றலையாறு மறுபுறமும் ஒதுங்கி நடக்க, நடுவே ஏரிக்கு ஏரி கரைகட்டிக் கிடக்கும் ஆவடி நிலத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறாம் ஆண்டின் கார்த்திகை மாதத்து மாலையொன்று மெல்லக் கவிந்துகொண்டிருந்தது. மழை பெய்து ஓய்ந்து, ஏரிகள் நிறைந்து, சாலையோரப் பள்ளங்களிலெல்லாம் வானம் துண்டு துண்டாய்க் கிடந்த அவ்வேளையில், படைக்கலத் தொழிற்சாலையின் சங்கு நீள முழங்க, இரும்பு வாயில்கள் திறந்து, நெல்லையினரும் தஞ்சையினரும் வேலூரினருமாய் நாடெங்கிலுமிருந்து வந்து குடியேறிய தொழிலாளர், மணியோசை முன்செல்ல மிதிவண்டிகளில் ஏறி வெளிப்போந்தனர். அண்ணனூர்ப் பணிமனைக்குத் திரும்பும் வெற்றுத் தொடர்வண்டியொன்று விளக்கேற்றிக்கொண்டு ஊர்ந்தது. கற்றறிந்த அன்பரே, எல்லாரும் வீடு நோக்கி விரைய, ஒருவர் மட்டும் தம் வண்டியின் பூட்டைத் திறந்து, இருக்கையை அசைத்து, மணியை அடித்து, இரு சக்கரங்களையும் சுழற்றி, காலையில் விட்டுச்சென்ற வண்டிதானா இது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் பெயர் தசரதன், அத்தொழிற்சாலையில் பொருத்துநர்.

பிறர் கை பட்ட பொருள் மாறாமல் திரும்பாது என்பது தசரதனின் நெஞ்சில் ஊறிப்போன எண்ணம். ஊரார் சமையல் ஏனங்களில் பெயர் வெட்டுவர். பெயரைத் தேய்த்துவிட்டால் என்ன செய்வது என்று எண்ணிய இவரோ, ஏனத்தின் விளிம்புக்கு உட்புறம் யாருமறியாப் புள்ளியொன்றையும் குத்திவைத்தார். பெட்டி போடக் கொடுக்கும் சட்டையின் கழுத்துக்குள் சிவப்பு நூல் தைத்தார். இவ்வளவு காவலுக்கு முன்னும் பின்னும் இவர் வீட்டில் களவு போனதாக ஒரு செய்தியும் இல்லை. போகாததையே தம் காவலுக்குச் சான்றாகக் கொண்டு மகிழ்ந்தார், பாவம்.

மணம் செய்துகொள்ளாத அந்த மனிதருக்கு உலகில் உறவென்று இருந்தவள் தங்கை ஜெகதாம்பாள் ஒருத்தியே. அவள் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பணிபுரியும் கஜபதியை விரும்பி மணக்க நின்றபோது, தசரதன் அவ்விளைஞனின் பின்னால் ஒரு மாதம் முழுதும் ஒளிந்து திரிந்து, அவனுக்கு வேறு குடும்பம் உண்டா, குடி உண்டா என்று துப்புத் துலக்கி, ஒன்றும் கிடைக்காமையால் மேலும் ஐயுற்றவர். மணம் முடிந்தது, மனம் ஒட்டவில்லை. ஆயினும் ஞாயிறுதோறும் அண்ணனூர் சென்று தங்கை கையால் ஒருவேளை உண்பது அவர் வழக்கம். அந்த ஓர் இலைதான் அவருடைய வாரம் முழுவதற்கும் பொருள் தந்தது. அதை இழக்க அவரால் இயலாது.

நெமிலிச்சேரியில் பழைய இரும்பு விற்பவர் ஒருவரிடம், அயல்நாட்டுக்குக் குடிபெயர்ந்த எவரோ விட்டுச்சென்ற பந்தய மிதிவண்டியின் சட்டகம் அவர் கண்ணில் பட்டது அந்தக் கார்த்திகையில்தான். மெல்லிய எஃகுக் குழாய்களைப் பித்தளையால் இணைத்து, இணைப்பு தோறும் பூவேலை செய்து, ஒரு கையால் தூக்குமளவு இலேசாய் இருந்தது அது. அதை அண்ணனூருக்குக் கொண்டுபோனபோது, மணத்துக்கு முன் பந்தயங்களில் ஓடிப் பெயர்பெற்ற கஜபதி, கைகழுவ மறந்து இலையிலிருந்து எழுந்து வந்தார்.

"மச்சான், இந்த மாரி பிரேம நான் போட்டோவுலதான் பாத்துகீறேன். இன்னா லேசா கீது!"

"உனக்குத்தாம்பா கட்டப் போறேன். பொங்கல் ரேசுல நீ இதுலதான் ஓட்டணும்" என்றார் தசரதன். அவர் வாயிலிருந்து மைத்துனனை நோக்கிப் பிறந்த முதல் இன்சொல் அது. அடுப்படியில் நின்ற ஜெகதாம்பாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றுமுதல் மாலைதோறும் அவர் குடியிருப்பின் பின்கட்டில் அரத்தின் ஓசை கேட்டது. சங்கிலியைப் பல்லுக்குப் பல் தாவச்செய்யும் பழங்கருவி துருவேறி இறுகிவிட்டதாலும், அதற்கு மாற்று இந்நிலத்தில் கிடையாதாதலாலும், அதனைக் கழற்றி எறிந்து, ஒன்றன்மேலொன்றாய் அடுக்கியிருந்த பின் பற்சக்கரங்களையும் நீக்கி, ஒரே பற்சக்கரத்தில் ஓடும் வண்டியாக அதை மாற்றத் துணிந்தார். முன்பல்லும் பின்பல்லும் ஒரே நேர்கோட்டில் நிற்குமாறு அச்சில் வளையங்களைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். பின்சக்கரம் அமரும் பிளவு நீண்டு கிடந்ததால், சக்கரத்தைச் சற்றே பின்னிழுக்கச் சங்கிலி தொய்வின்றி நின்றது. கஜபதியின் கால்வலிமையை எண்ணியெண்ணிப் பற்களின் எண்ணிக்கையைத் தேர்ந்தபோது, அம்மனிதர் நெஞ்சிலும் ஏதோ நேராகிக்கொண்டிருந்தது என்றே சொல்லவேண்டும்.

எஞ்சியது வண்ணம் மட்டுமே. முறிந்த சட்டகங்களைப் பற்றவைத்து, வண்ணம் பூசிச் சுட்டுத் தருவதில் பூந்தமல்லி ஷவுகத் அலியின் பட்டறைக்கு நிகரில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். எல்லாரும் சொன்னதே தசரதனுக்கு உறுத்தியது. இத்தகைய சட்டகத்தைக் கண்டால் எவன் விடுவான்? மாற்றி வேறொன்றைக் கொடுத்து மேலே வண்ணம் பூசிவிட்டால் யார் கண்டது? இவ்வாறெல்லாம் எண்ணி, முக்கோண அரத்தை எடுத்து, தலைக்குழாயிலிருந்து இறங்கும் கீழ்க்குழாயின் அடிப்புறத்தில், கண்ணில் படாத ஆனால் விரலுக்குத் தட்டுப்படும் இடத்தில், குறுக்கே ஒரு கீற்று இழுத்தார். பல பூச்சுக்குப் பின்னும் நிரம்பிவிடக் கூடாதே என்று இன்னும் சற்று ஆழமாக இழுத்தார். மெல்லிய குழாயில் கூரிய வெட்டு விழுந்தால் அவ்விடமே முதலில் முறியும் என்பது எந்தப் பொருத்துநருக்கும் தெரிந்ததே. தொழிற்சாலையில் வேறொருவன் இதைச் செய்திருந்தால் இவரே அவனைத் திட்டியிருப்பார். ஐயம் அறிவைவிட விரைவாகக் கையை இயக்கிவிட்டது.

பழைய வண்ணத்தைச் சுரண்டிய ஷவுகத் அலி, பளபளக்கும் அப்புது வெட்டைக் கண்டு திடுக்கிட்டார். ஓடும்போது முறிந்தால் ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். துருவும் அன்று, விபத்தும் அன்று. ஒரு கை வேண்டுமென்றே செய்தது. உடையவர் வரும்போது எச்சரிப்போம் என்று எண்ணி, வெட்டைப் பித்தளையால் நிரப்பி, மேலே மெல்லிய தகடொன்றையும் வளைத்துப் பற்றவைத்து, தடம் தெரியாமல் இழைத்து, நாவற்பழ நிறத்தில் வண்ணமேற்றினார்.

குறித்த நாளில் தசரதன் வந்தார். நிறத்தைப் பார்க்கவில்லை, பூவேலையைப் பார்க்கவில்லை. அவர் விரல் நேரே கீழ்க்குழாயின் அடியில் போய்த் தடவியது, மீண்டும் தடவியது. முகம் கறுத்தது.

"பாய், இது என் பிரேம் இல்ல."

"உன்துதான் அண்ணாத்தே. வேற யார்து?"

"என் கண்ணுல மண்ணத் தூவாத. எனக்குத் தெரியும்!" என்று தசரதன் கூவ, பட்டறைக்கு வந்திருந்தோர் திரும்பிப் பார்த்தனர். எப்படித் தெரியும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அடையாளத்தின் கமுக்கத்தை யாருக்கும் வெளியிடும் வழக்கம் அவருக்கில்லை.

 ஷவுகத் அலி அவ்விரல் சென்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டு எங்கே இருந்ததென்று வெட்டியவனைத் தவிர யாருக்குத் தெரியும்? அது அடைபட்டதைக் கண்டு இம்மனிதன் ஏன் சினக்கிறான்? பிறகு மெல்லக் கேட்டார்:

"இந்த வண்டிய ஓட்டப் போறது நீயா?"

"நான் இல்ல. என் மச்சான், அண்ணனூர் கஜபதி."

ஷவுகத் அலியின் முகம் மாறிற்று. "எடுத்துகினு போ" என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டார். அன்று மாலையே அவர் அண்ணனூர் போய்ச்சேர்ந்ததைத் தசரதன் அறியார்.

பொங்கல் நெருங்கிவிட்டதால், களவாடியவனோடு பிறகு வழக்காடிக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தசரதன் வண்டியைப் பொருத்தி முடித்தார். ஒவ்வோர் உறுப்பும் முன்போலவே அளவாய்ப் பொருந்தியது. பாவி, அளவுகூடப் பார்த்தல்லவா மாற்றியிருக்கிறான் என்று அதற்கும் பொருமினார். ஞாயிறன்று, புதுவண்டியில் முதலில் ஏறவேண்டியவர் மைத்துனரே என்பதால், தாம் ஏறாமல், ஆவடியிலிருந்து அண்ணனூர்வரை தள்ளிக்கொண்டே நடந்தார்.

வாசலில் ஜெகதாம்பாள் நின்றாள். உள்ளே வா என்று அவள் சொல்லவில்லை. கஜபதி அவளுக்குப் பின்னால் தலைகுனிந்து நின்றார்.

"ஏறி வராம தள்ளிகினு வந்துகீறியே, ஏண்ணா?" என்றாள் அவள்.

"புது வண்டி. மாப்ள மொதல்ல ஏறட்டும்னு..."

"ஏறி வுழட்டும்னா? பூந்தமல்லி பாய் வந்து எல்லாம் சொல்லிட்டுப் பூட்டாரு. பைப்புக்கு அடியில புது வெட்டாம். யாரு வெட்னது?"

 "நான்தான். அடையாளத்துக்கு, ஜெகதா. பாய் பிரேம மாத்திடுவாருன்னு பயந்து..."

"அடையாளத்துக்கு எவனாச்சும் பைப்ப அறுப்பானா? கல்யாணத்துக்கு முன்ன இவரு பின்னாலயே வேவு பாத்துகினு திரிஞ்ச. அப்பக்கூட நான் ஒண்ணும் கேக்கல. இப்ப என் தாலிய அறுக்கப் பாத்தியா?"

வாழ்நாளில் ஒருவரையும் நம்பாத அம்மனிதர், அன்று தம் வாயால் உண்மை சொல்லியும் நம்பப்படாமல் நின்றார். அது எவ்வளவு கொடியதென்று அதற்குமுன் அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. ஏனத்துப் புள்ளியையும் சட்டைக் கழுத்து நூலையும் சொல்லிச் சொல்லி மன்றாடினார். தங்கை அசையவில்லை.

"சரி, பாய் மாத்தனாரா?" என்று கேட்டாள்.

தசரதன் எண்ணிப் பார்த்தார். மாற்றியிருந்தால் வெட்டைப் பற்றி ஷவுகத் அலிக்கு எப்படித் தெரியும்? அவர் மாற்றவில்லை. இது அதே சட்டகம். தம் அரம் கடித்த அதே குழாய். "மாத்தல" என்றார்.

"அப்ப அவரு பத்த வெச்சத நம்பி நீயே ஏறு. ஏரிக்கரை மேட்டுலேர்ந்து அந்தக் கல்லு ரோட்டுல எறங்கிக் காட்டு. நீ திரும்பி வந்தா நம்புறேன்."

"வாணாம் ஜெகதா, வுடு" என்றார் கஜபதி. ஆனால் தசரதன் அதற்குள் வண்டியைத் திருப்பிவிட்டார்.

கரைமேட்டின் உச்சியில் நின்றபோது, சரிவு முழுதும் கற்கள் துருத்திக்கொண்டு கிடந்தன. அரத்தை எவ்வளவு ஆழம் இழுத்தோம் என்று அவர் கை மட்டுமே அறியும். பித்தளை எவ்வளவு ஆழம் புகுந்ததென்று அவர் திட்டித் தீர்த்த மனிதரின் கை மட்டுமே அறியும். சோதித்துப் பார்க்க வழியில்லை; நம்புவதொன்றே வழி. மிதித்தார். முன்சக்கரம் கல்லுக்குக் கல் மோதித் துள்ளியது. கைப்பிடி நடுங்கியது, சங்கிலி பாடியது, குழாய் முனகவும் இல்லை. அடிவாரத்தில் இறங்கியபோது அவர் அழுதுகொண்டிருந்தார். ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரிந்திராது.

திரும்பி வந்தவருக்கு ஜெகதாம்பாள் இலை போட்டாள்.

மறுநாள் பூந்தமல்லிப் பட்டறையில், வாடிக்கையாளர் நின்றிருக்க, தசரதன் எல்லார் காதிலும் விழும்படி, "பாய், வெட்னது நான்தான். உன்ன சந்தேகப்பட்டு வெட்னேன். மன்னிச்சுடு" என்றார்.

 "நானும்தான் உன்ன கொலகாரன்னு நெனச்சுட்டேன். கேட்டிருந்தா ஒரே பேச்சுல முடிஞ்சிருக்கும். ரெண்டு பேரும் கேக்கல" என்றார் ஷவுகத் அலி.

தம் பழைய வண்டியையும் வண்ணம் பூச அங்கேயே விட்டு, எந்த அடையாளமும் இடாமல், தசரதன் பேருந்து நிறுத்தம் நோக்கி நடந்தார். இருமுறைதான் திரும்பிப் பார்த்தார்.

பொங்கல் நாளில், பனி விலகாத சாலையில் பந்தயக்காரர் வரிசையாய் நிற்க, நாவற்பழ நிறத்து வண்டியோடு கஜபதியும் நின்றார். அவர் அன்று வென்றார். மாலையோடு வந்து முதலில் மைத்துனரைத்தான் கட்டிக்கொண்டார். அது பின்னர் நிகழ்ந்தது. அதற்கு முன், ஏறுமுன், ஊதல் ஒலிக்கக் காத்திருந்த அந்த நொடியில், கஜபதி தம்மையறியாமல் குனிந்து, கீழ்க்குழாயின் அடிப்புறத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். தசரதன் அதைக் கண்டார். அவர் கண்டதை ஜெகதாம்பாளும் கண்டாள்.

அன்பு இருந்தது, மன்னிப்பும் இருந்தது, ஞாயிறுதோறும் இலையும் விழுந்தது. ஆனால் அதன்பின் எத்தனையோ ஆண்டுகள், அவ்வண்டியில் ஏறும்போதெல்லாம் கஜபதியின் விரல் அவ்விடத்துக்குப் போய் வந்தது. எஃகில் இட்ட வெட்டை ஷவுகத் அலி ஒரே பகலில் அடைத்துவிட்டார். மைத்துனன் விரல் தேடிய வெட்டை அடைக்கும் பித்தளை எந்தப் பட்டறையிலும் இல்லை என்பதைத் தசரதன் அறிந்திருந்தார். அறிந்து, ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.